புதுப்பிப்பு: அம்மாவுடன் மே மாத ஓவியச் சுற்று

கோடையில் அம்மாவைச் சென்னையில் ஓவியக் கண்காட்சிகளுக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம், வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மா ஓவியங்களைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி ஓவியக் கூடத்தில் அரை மணி நேரம்.

அப்புறம் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். அங்கே மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து அமைத்த கிராமம். பத்திக் துணியும் (மெழுகு தடவிச் சாயமேற்றியது) கைவினைப் பொருளும் விற்ற காசில் வளர்ந்த இடம் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஒரு செம்புச் சிற்பத்தின் முன் குனிந்து, தகடுகள் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அப்பா பட்டறையில இப்படித்தான்டா பத்தவைப்பார்" என்றார். அப்பா பாத்திரப் பட்டறையில் இருந்தவர். அந்தச் சிற்பத்தை நான் அதுவரை அப்படிப் பார்க்கவே இல்லை.

காலை பத்தரைக்கே போய்விடுங்கள், தண்ணீர் கட்டாயம். தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிறைய வெளியில் நடக்க வேண்டும். அதை வெயில் தணிந்த பிறகு வைத்திருக்கிறோம்.