மடக்கைச் சமன்பாட்டில் −2 ஏன் தீர்வாகாது?

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவி):
வணக்கம். மடக்கை(அ) + மடக்கை(அ − 2) = 3 என்ற சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். அடிமானம் 2, அதாவது ஓர் எண்ணின் மடக்கை என்பது அந்த எண் கிடைக்க 2-ஐ உயர்த்த வேண்டிய அடுக்கு; தெரியாத எண் அ. பெருக்கல் விதிப்படி இரு மடக்கைகளையும் சேர்த்தால் அ(அ − 2) = 8 என்றும், அதிலிருந்து அ² − 2அ − 8 = 0 என்றும் வருகிறது. காரணிப்படுத்தினால் 4, −2 என இரு விடைகள். குறை எண் என்பதால் −2-ஐ நீக்கிவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் (−2) × (−4) = 8 சரியாகத்தானே வருகிறது? 8-இன் மடக்கையும் 3தான். பிறகு எந்த நியாயத்தில் அதை நீக்குகிறோம்?

மறுமொழி 1 (கல்லூரி மாணவர்):
நீங்கள் −2-ஐப் பிரதியிட்டது மடக்கைகளைச் சேர்த்த பின் கிடைத்த வரியில். கொடுக்கப்பட்ட சமன்பாட்டில் பிரதியிட்டால் மடக்கை(−2), மடக்கை(−4) என்று எழுத வேண்டிவரும். 2-ஐ எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்ணே கிடைக்கும் என்பதால், இவ்விரண்டுக்கும் மெய்யெண்களில் மதிப்பே இல்லை.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்):
மேலே சொன்னது சரி. ஆனால் "குறை எண் என்பதால் நீக்கு" என்ற காரணத்தை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டாம் அம்மா. அது பல மாணவர்களைத் தவறவிட்டிருக்கிறது. மடக்கை(−அ) + மடக்கை(2 − அ) = 3 என்பதைத் தீர்த்துப் பாருங்கள். இதுவும் அதே அ² − 2அ − 8 = 0-க்கே வந்து சேரும். ஆனால் இங்கே −2 பொருந்துகிறது: மடக்கை(2) + மடக்கை(4) = 1 + 2 = 3. நீக்கப்பட வேண்டியது மிகை எண்ணான 4! ஒரே இருபடிச் சமன்பாடு இரண்டு மடக்கைச் சமன்பாடுகளுக்குப் பொதுவாக நிற்கிறது. உங்கள் −2 அந்த இன்னொரு சமன்பாட்டுக்கு உரிய தீர்வு. இரு குறை எண்களின் பெருக்கற்பலனும் மிகை எண் ஆகிவிடுவதால், மடக்கைகளைச் சேர்த்தவுடன் அது எந்தச் சமன்பாட்டிலிருந்து வந்தது என்ற தடயம் அழிந்துவிடுகிறது. ஆகவே முதல் வரியிலேயே அ > 0, அ − 2 > 0, அதாவது அ > 2 என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால், கிடைத்த விடைகளைக் கொடுக்கப்பட்ட சமன்பாட்டில் சரிபார்த்துவிட்டால் பிழையே நேராதா?

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்):
கூடுதலாக வந்த விடையைச் சரிபார்ப்பு பிடித்துவிடும்; தொலைந்துபோன விடையை அதனால் மீட்டுத் தர இயலாது. மடக்கை(அ²) = 4 என்பதை அடுக்கு விதிப்படி 2 மடக்கை(அ) = 4 என மாற்றினால் அ = 4 மட்டும் கிடைக்கும், சரிபார்த்தாலும் பொருந்தும். ஆனால் (−4)² = 16 ஆகையால் −4-உம் தீர்வே. அ² இருந்த இடத்தில் அ-வுக்குக் குறை மதிப்பு வர இடமிருந்தது. அடுக்கை வெளியே எடுத்தவுடன் அந்த இடம் அடைபட்டுவிட்டது. 2 மடக்கை|அ| என்று மட்டு மதிப்பை (குறியை விட்ட மதிப்பை) இட்டு எழுதினால் இரண்டு தீர்வுகளும் கிடைக்கும்; இல்லையேல் நேராக அ² = 16 என்று எழுதிவிடலாம். இக்கணக்குக்கு நான் இரண்டாம் வழியைத்தான் கற்பித்து வந்தேன்.