மொரின்யோ செல்சிக்குத் திரும்பி வந்தது லாபமா நஷ்டமா?

நீலச்சட்டை:
பழைய பயிற்சியாளரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தாலே "மொரின்யோ கதை தெரியாதா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என்ன கதை? 2004-ல் முதல் தடவை பயிற்சியாளராக வந்து போன மொரின்யோ, 2013 ஜூனில் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சிக்குத் திரும்பினார். 2015 மேயில் 87 புள்ளிகளோடு இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் பட்டம், அதற்கு முன்பே டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று லீக் கப். ரெண்டே வருடத்தில் இவ்வளவு கொடுத்த ஆளைத் தோற்றுப்போனவர் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
கணக்கை மே மாதத்தோடு மூடிவிட்டால் எப்படி தம்பி? அதே வருடம் டிசம்பர் 17-ஆம் தேதி வேலை போனது. 16 ஆட்டத்தில் 9 தோல்வி, 16-வது இடம், கீழ்நிலை லீக்குக்கு இறக்கிவிடப்படும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. நடப்பு சாம்பியன் அய்யா இது! கடைசியாகத் தோற்கடித்தது லெஸ்டர் அணி, அதன் பயிற்சியாளர் யார் தெரியுமில்லையா, 2004-ல் மொரின்யோவுக்காக செல்சி வெளியே அனுப்பிய அதே ரானியெரி. தோற்றுவிட்டு வந்து, என் உழைப்புக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று பழியை வீரர்கள் தலையில் போட்டார்.

மெர்சிசைடு மாப்பிள்ளை:
பின்னால் எங்கள் லிவர்பூலில் நட்சத்திரமான சலா பேச்சையே யாரும் எடுக்கவில்லையே. 2014 ஜனவரியில் சுவிஸ் கிளப் பாசலிலிருந்து வாங்கி, பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு வருடத்தில் இத்தாலியின் ஃபியோரென்டினாவுக்கு லோனில் அனுப்பினாரே, அதற்கு எங்கள் லிவர்பூல் சார்பில் நன்றி. பின்னால் மான்செஸ்டர் சிட்டியில் கலக்கிய டி புருய்னேவை விற்றதற்கு சிட்டிக்காரர்கள் தனியாக நன்றி சொல்லிக்கொள்ளட்டும்.

நீலச்சட்டை:
இன்றைய சலாவை வைத்து அன்றைய சலாவை அளப்பது சுலபம். ரோமாவில் போய்த்தான் அவர் அந்த ஆளாக மாறினார். டி புருய்னே ஆட இடமில்லை என்று போக விரும்பினார். நடுக்கள வீரர் மாட்டாவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 3.7 கோடி பவுண்டுக்கு விற்றதும் அதே ஜனவரிதான், இன்னொரு நடுக்கள வீரர் மாட்டிச் வந்ததும் அதே ஜனவரிதான். மாட்டிச் இல்லாமல் அடுத்த வருடப் பட்டம் வந்திருக்குமா? அப்புறம் கேப்டன் டெர்ரி. மொரின்யோவுக்கு முன் பயிற்சியாளராக இருந்த பெனிடெஸ் பாதி நாள் வெளியே உட்கார வைத்த மனிதர், மொரின்யோ கையில் 34 வயதில் 38 லீக் ஆட்டத்திலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார்.

கார்னர் கொடி:
நான் செல்சி ரசிகன்தான், ஆனாலும் அண்ணாச்சி பக்கம். எனக்கு மொரின்யோ மேல் நம்பிக்கை விட்டுப்போனது 2015 ஆகஸ்டில், ஸ்வான்சியோடு நடந்த சீசனின் முதல் ஆட்டத்தில். 2-2, எங்கள் கோல்கீப்பர் கூர்த்துவா சிவப்பு அட்டை வாங்கிப் போயாச்சு, கடைசி நேரத்தில் எங்கள் நட்சத்திரம் ஹசார்ட் கீழே கிடக்கிறார். நடுவர் கை காட்டிக் கூப்பிட்ட பிறகுதான் அணி டாக்டர் ஈவா கார்னெய்ரோவும் பிசியோவும் உள்ளே ஓடினார்கள். சிகிச்சை பார்த்தால் ஹசார்ட் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும், அணியில் ஒன்பது பேர்தான் மிச்சம். அவ்வளவுதான், கோட்டோரத்தில் நின்று மொரின்யோ கத்திய கத்தும், பிறகு கேமரா முன்னால் அவர்களுக்கு ஆட்டமே புரியவில்லை என்ற மாதிரி பேசியதும்! அடுத்த ஆட்டத்தில் அந்த டாக்டர் பெஞ்சில் இல்லை. வழக்கு வரை போய் 2016-ல் கிளப் மன்னிப்புக் கேட்டது. தன் வேலையைச் செய்தவரை ஊர் முன்னால் அப்படிப் பேசினால் டிரெஸ்ஸிங் ரூமில் எவன் மதிப்பான்?

நீலச்சட்டை:
அது தப்பு, அதற்கு முட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ஹசார்ட் அந்த சீசனில் முதல் லீக் கோல் அடித்தது ஏப்ரலில். மொரின்யோ போய் நான்கு மாதம் கழித்து! அதற்கும் அவரா காரணம்? திரும்பி வந்தவர்கள் உருப்படமாட்டார்கள் என்றால் ஜெர்மனியின் பயர்னுக்குத் திரும்பி 2013-ல் மூன்று கோப்பை எடுத்த ஹெய்ன்கெஸ் யார்? ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்பிய முதல் சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் எடுத்த ஆன்செலோட்டி யார்?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
அவர்கள் யாரும் சாம்பியன் அணியை ஏழே மாதத்தில் 16-வது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தவில்லையே. முதல் தடவை, 2004-05-ல், லீக்கில் முழு சீசனுக்கும் செல்சி எதிரணிகளிடம் வாங்கியது 15 கோல். ரெண்டாவது தடவை பட்டம் எடுத்த வருடத்திலேயே 32. கீழ்நிலை லீக் அணியான பிராட்ஃபோர்டிடம் சொந்த மைதானத்தில் 2-0 என்று முந்திவிட்டு 4-2 என்று தோற்றது, பத்துப் பேரோடு ஆடிய பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியிடம் சாம்பியன்ஸ் லீக்கில் வெளியே போனது எல்லாம் அந்த 'நல்ல' வருடத்தில்தான். வீரர்கள் மேல்தான் குற்றம் என்றால், பயிற்சியாளர் கான்டே வந்து 2017-ல் 93 புள்ளியோடு பட்டம் எடுத்தது எப்படி? அதே ஹசார்ட், அதே கோஸ்டா, அதே மாட்டிச், அதே ஃபாப்ரிகாஸ்.

நீலச்சட்டை:
கோஸ்டா, மாட்டிச், ஃபாப்ரிகாஸ் மூன்று பேரையும் கூட்டிவந்தது யார் அண்ணாச்சி?