லீப் வருட டெஸ்ட்: ஃபார் லூப் போதாதா, பாராமெட்ரைஸ் எதற்கு?

வேம்பு: லீப் வருடமா என்று சொல்லும் சின்ன பைத்தான் ஃபங்ஷன். 1900, 2000, 2023, 2024 நான்கையும் ஒரே டெஸ்ட்டுக்குள் ஃபார் லூப்பில் ஓட்டி, விடை சரியா என்று அசர்ட் செய்கிறேன். யார் படித்தாலும் புரியும். இதற்குப் போய் பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் பாராமெட்ரைஸ் டெக்கரேட்டர் (டெஸ்ட் ஃபங்ஷனுக்கு மேலே எழுதினால், அதை ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனியாக ஓட்டும்) வேண்டும் என்று ரிவ்யூவில் அடம்பிடிக்கிறார்கள். எதற்கு?

கரிசல்: 1900-இல் அசர்ட் விழுந்தால் லூப் அங்கேயே நின்றுவிடும், 2000 என்ன ஆனது என்றே தெரியாது. ஆனால் பிழை எங்கே என்று காட்டுவது அந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான். 1900 மட்டும் விழுந்தால் நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்ற விதி விடுபட்டிருக்கிறது. 2000 மட்டும் விழுந்தால், நானூறால் வகுபட்டால் லீப்தான் என்ற விதி. இரண்டுமே விழுந்தால் ட்ரூவும் ஃபால்ஸும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாராமெட்ரைஸ் போட்டால் நான்கும் நான்கு தனி டெஸ்ட். விழுந்ததை மட்டும் மறுபடி ஓட்டவும் முடியும்.

வேம்பு: ஒன்று விழுந்தாலும் மீதியை ஓட்ட பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட்டிலேயே சப்டெஸ்ட் இருக்கிறதே! 2014-இல் பைத்தான் 3.4-உடன் வந்தது, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். டெக்கரேட்டர் கையில் கிடைத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். பத்துப் பத்து மதிப்போடு மூன்று அடுக்கு வைத்தால், எல்லாச் சேர்க்கையும் ஓடி ஆயிரம் டெஸ்ட். அதில் எத்தனை உண்மையில் தேவை?

கரிசல்: அடுக்குவது தப்பு என்றால் அடுக்காதீர்கள், அவ்வளவுதான். சப்டெஸ்ட்டில், டெஸ்ட்டுக்கு முன் ஓடும் தயாரிப்பான செட்டப் அந்த மெத்தட்டுக்கு ஒரே ஒரு முறைதான் ஓடும். டேட்டாபேஸ் டெஸ்ட் என்றால், முதல் சுற்றில் டேபிளில் எழுதிய வரி அடுத்த சுற்றிலும் அப்படியே கிடக்கும். பாராமெட்ரைஸில் அந்தத் தயாரிப்பைச் செய்யும் வழக்கமான ஃபிக்ஸ்ச்சர் ஒவ்வொரு மதிப்புக்கும் புதிதாக ஓடும்.

மணல்மேடு: இடையில் ஒன்று. பாராமெட்ரைஸ் மதிப்புகளை நகல் எடுக்காது. லிஸ்ட்டையோ டிக்‌ஷனரியையோ கொடுத்து, டெஸ்ட் அதை மாற்றிவிட்டால், அதே ஆப்ஜெக்ட்டை வாங்கும் அடுத்த டெஸ்ட்டுக்கு மாறியதுதான் போகும். அப்புறம், யூனிட்டெஸ்ட்டில் டெஸ்ட்களை எழுதும் டெஸ்ட்கேஸ் கிளாஸுக்குள் பாராமெட்ரைஸ் வேலை செய்யாது.

வேம்பு: எங்கள் பழைய டெஸ்ட் முழுக்க டெஸ்ட்கேஸ்தான். ஒரு டெக்கரேட்டருக்காக அதையெல்லாம் பிரித்து எழுத மாட்டேன், சப்டெஸ்ட்டே இருக்கட்டும்.

கரிசல்: பழையதைத் தொட வேண்டாம், சரி. ஆனால் இந்த லீப் வருட டெஸ்ட் புது ஃபைல்தானே? வெறும் ஃபங்ஷனாக எழுதி, பாராமெட்ரைஸின் ஐடிஸ் என்ற ஆர்கியூமென்ட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பெயர் கொடுங்கள். எந்த விதி உடைந்தது என்று ரிப்போர்ட்டிலேயே படிக்கலாம்.