கள்ளப்பாட்டு வீடு (குடும்பக் குழு)

கௌரி: 🎤 குரல் பதிவு 1:42 (பலமுறை பகிரப்பட்டது)

கௌரி: இதைக் கேளுங்கோ. கடலுக்குக் கீழே புவியீர்ப்பு குறைந்ததைச் செய்மதி கண்டுபிடித்துவிட்டதாம். டிசம்பர் 26ஆம் திகதி திரும்பவும் சுனாமி அலை வருமாம்.

பெரியம்மா: ஐயோ முருகா. நான் முல்லைத்தீவுப் பக்கம் வரமாட்டேன். அம்மாவின் திவசத்தைக் கிளிநொச்சியில் என் வீட்டில் வைப்போம்.

சின்னம்மா: போன முறையும் அங்கேதான். சுனாமியில் அம்மா போன இடத்தில் ஒருமுறையாவது செய்ய வேண்டாமா?

சுதன் (பரிஸ்): நான் ரிக்கெற் போட்டுவிட்டேன் 😐

யோகன் மாமா: ஒருவரும் அந்தப் பதிவை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். விளக்குகிறேன்.

சுதன் (பரிஸ்): மணி அடித்துவிட்டது. பாடம் தொடங்குகிறது.

யோகன் மாமா: 2002இல் நாசாவும் ஜேர்மன்காரரும் சேர்ந்து, ஈர்ப்பை அளக்கக் கிரேஸ் என்று இரண்டு செய்மதிகளை விட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளி. கீழே கனமான இடம் வந்தால் முன்னுக்குப் போவதை அது முதலில் இழுக்கும். இடைவெளி கொஞ்சம் கூடும். அந்த மாற்றம் தலைமயிரின் தடிப்பைவிடச் சின்னதாக இருந்தாலும், அதையும் அளந்துவிடுவார்கள். 2017இல் அவை ஓய்ந்தன. 2018இல் புதுச் சோடி போனது.

சுதன் (பரிஸ்): பெரியம்மாவும் சின்னம்மாவும் கோயிலுக்குப் போவது போல.

சின்னம்மா: 😂

பெரியம்மா: இதில் என்ன பகிடி? திவசச் சமையலுக்குக் கிடாரம் யாரிடம் இருக்கிறது?

சின்னம்மா: உங்களிடம்தான். சாந்தியின் சாமத்தியவீட்டுக்குக் கொண்டுபோனது.

யோகன் மாமா: அந்தச் சுனாமி வந்த 2004இல் சுமாத்திரா பக்கம் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடலடி பிளந்தது. அந்தமான் கடற்பக்கம் பாறை விரிந்து அடர்த்தி குறைய, அங்கே ஈர்ப்பும் குறைந்தது. கிரேஸ் கண்டது அதைத்தான். பிறகு மாதா மாதம் பார்க்க, அந்தக் குறைவு மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டு வந்தது. நடுக்கம் சில நிமிடந்தான். ஆனால் ஆழத்தில் இருக்கும் சூடான பாறை, இறுகிய பனம்பாணி மாதிரி, வருடக்கணக்காக நகர்ந்துகொண்டிருக்கும்.

கௌரி: அப்போ குறைந்தது உண்மைதானே மாமா?

யோகன் மாமா: உண்மை. ஆனால் அது நடந்து முடிந்ததின் வடு. ஒரு வரைபடம் செய்யவே ஏறத்தாழ ஒரு மாதம் சுற்ற வேண்டும். அது எப்படி 26ஆம் திகதியைச் சொல்லும்? பதிவில் வருகிற, இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்த ‘பள்ளம்’ வேறு கதை. அது மிகப் பழையது. அங்கே கடல்மட்டமே உலகச் சராசரியைவிட ஏறத்தாழ 100 மீற்றர் தாழ்வு. பதிவுக்காரன் இரண்டையும் சேர்த்துக் குழைத்துவிட்டான்.

சுதன் (பரிஸ்): 100 மீற்றர் பள்ளமா? வள்ளம் உருளாதா?

யோகன் மாமா: ஆயிரக்கணக்கான கிலோமீற்றரில் பரந்த சரிவு. கண்ணுக்குத் தெரியாது.

பெரியம்மா: தம்பி, அன்றைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சின்னம்மா: ஓம் அக்கா.

யோகன் மாமா: அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை அக்கா. நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் இங்கே அலை வந்தது. இப்போது நிலநடுக்கக் கருவி இருக்கிறது, கடல்மட்டக் கருவி இருக்கிறது. அலையை அவைதான் சொல்லும்.

சின்னம்மா: அது கிடக்கட்டும். திகதியா, திதியா? அம்மா போனது மார்கழிப் பூரணை. ஐயர் திதிதான் என்கிறார்.

சுதன் (பரிஸ்): நான் 24 வந்து 28 திரும்ப வேண்டும்.

பெரியம்மா: பரிஸ்காரருக்காகச் சந்திரன் காத்திராது.

கௌரி: படையலைத் திதியில் கிளிநொச்சியில் வைப்போம். 26ஆம் திகதி கடற்கரையில் விளக்கு?

சின்னம்மா: 👍

பெரியம்மா: பார்ப்போம்.

யோகன் மாமா: கௌரி, அந்தப் பதிவை அழித்தாயா?

கௌரி: இங்கே அழித்துவிட்டேன் மாமா. பள்ளிக்கூடக் குழுவுக்குக் காலையிலேயே போய்விட்டது 🙈

யோகன் மாமா: என் விளக்கத்தையும் அங்கே போடு. முழுவதையும்.

சுதன் (பரிஸ்): பாவம் அவர்கள்.

சின்னம்மா: அக்கா, கிடாரம்?

பெரியம்மா: ஒரு கைபிடி கழன்றுவிட்டது. ஒட்டித் தருகிறேன்.