சீன எழுத்தோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் என்ன?

வேலை விஷயமாகச் சீனா போனபோது ஹெனான் மாகாணத்து அன்யாங் நகருக்கும் போய்வந்தேன். 2009இல் திறந்த தேசிய எழுத்து அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஆமை ஓடுகளும் மாட்டின் தோள்பட்டை எலும்புகளும். அவற்றில் மெல்லிய கீறல்களாக எழுத்து. ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை.

அவை என்ன சொல்கின்றன என்று தெரிந்ததும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. ஷாங் வம்ச அரசர்கள் முன்னோரிடம் குறி கேட்டவை அவை. எலும்பின் பின்புறம் குழி வெட்டிச் சூடு வைப்பார்கள். முன்புறம் விரிசல் விடும். அந்த விரிசலில்தான் பதில். மழை வருமா, விளையுமா, அரசரின் பல்வலிக்கு எந்த முன்னோரின் கோபம் காரணம் என்றெல்லாம் கேட்டு, கேள்வியைப் பக்கத்திலேயே செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

ஒரு வாசகம் மனதை விட்டுப் போகவே இல்லை. வூ திங் அரசரின் மனைவி ஃபூ ஹாவுக்குப் பேறுகாலம். நல்லபடியாகப் பிறக்குமா என்று குறி கேட்கிறார்கள். இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்கிறார் அரசர். 31 நாள் கழித்து வேறொரு நாளில் குழந்தை பிறக்கிறது. ‘நல்லதில்லை, பெண்’ என்று வாசகம் முடிகிறது. எனக்குக் கோபமே வந்தது. அந்த ஃபூ ஹாவ் யார் தெரியுமா? 13,000 பேரைத் திரட்டிய படையெடுப்பில் அவர் பெயரை இன்னோர் எலும்பு சொல்கிறது. 1976இல் கொள்ளை போகாத அவருடைய கல்லறையே கிடைத்தது, வெண்கலப் பாத்திரங்களில் அவர் பெயரோடு.

இந்த எலும்புகளை ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக் கடைகளில் பொடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1899இல் வாங் யீரோங் என்ற அறிஞர்தான் இது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார். முறையான அகழாய்வு தொடங்கியது 1928இல். அதற்குள் எத்தனை வாசகங்கள் கஷாயத்தில் கரைந்தனவோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

* * *

அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூர். எங்கள் புளோக்கில் ஒரு சீனப் பாட்டி பழைய முழு வடிவத்தில் எழுதுவார். பேத்தி பள்ளியில் படித்தது சுருக்க வடிவம். சீனா 1956இல் எழுத்தைச் சுருக்கியது. சிங்கப்பூர் 1969இல் அந்த வழியில் இறங்கி, 1976இல் சீனாவின் வடிவங்களையே எடுத்துக்கொண்டது. பாட்டிக்கு அது கைகால் வெட்டிய எழுத்து. அன்பு என்ற எழுத்தின் நடுவிலிருந்த இதயத்தை எடுத்துவிட்டார்களே என்று என்னிடமே எத்தனையோ முறை வருத்தப்பட்டிருக்கிறார். அது நியாயமான வருத்தம்தான்.

ஆனால் எல்லாமே அப்படியில்லை. மேகத்தைப் பாட்டி எழுதும்போது மேலே மழை இருக்கும். பேத்தியின் மேகத்தில் மழை இல்லை. அக்கா பார்த்த எலும்புகளிலும் மேகம் வெறும் சுருள்தான்! அந்தச் சுருளை, ஒலி ஒத்துப்போனதால், ‘சொல்வது’ என்ற பொருளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் குழப்பம் வராமலிருக்க மேகத்துக்கு மழையைச் சேர்த்தார்கள். ‘பின்தொடர்வது’ என்பதும் இதே கதை: ஓர் ஆளுக்குப் பின்னால் இன்னோர் ஆள், அவ்வளவுதான். எலும்பிலும் அதேதான், பேத்தியின் நோட்டிலும் அதேதான்.

* * *

தைபேயில் மொழி படிக்கும் என் பங்குக்கு ஒன்று. சீன எழுத்தெல்லாம் படம் என்று ஊரில் பலர் சொல்வார்கள். பெரும்பாலானவை அப்படியல்ல, ஒரு பாதி பொருளைக் காட்டும், மறுபாதி ஒலியை. குதிரைக்கு ‘மா’. பக்கத்தில் பெண்ணைச் சேர்த்தால் அம்மா, அதுவும் ‘மா’தான், தொனி மட்டும் வேறு. குதிரை அங்கே ஒலிக்காக மட்டும் நிற்கிறது. இது பிடிபட்ட பிறகு மனப்பாடம் பாதியாகக் குறைந்தது.

கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்பவர் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் பிரித்து அகராதி செய்தார். மலைக்கவைக்கும் உழைப்பு. ஆனால் எலும்புகள் அப்போது மண்ணுக்குள் கிடந்தன, பாவம். ‘செய்வது’ என்ற எழுத்தைக் குரங்கின் உருவம் என்று விளக்கினார். எலும்பில் இருப்பதோ யானையைப் பிடித்து நடத்தும் ஒரு கை. ஹெனானில் ஏது யானை என்று எங்கள் வகுப்பிலும் ஒருவர் கேட்டார். ஷாங் காலத்தில் அந்தப் பக்கம் இன்றைவிட வெப்பமாக இருந்தது. அன்யாங் பலிக்குழிகளில் யானையின் எலும்புக்கூடே கிடைத்திருக்கிறது.