மரக்கறித் திட்டம்: விதைப் பக்கெட்டுக்கு முன் டொலமைட்

உறவுகளுக்கு வணக்கம்.

நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களுக்கு மரக்கறிச் செய்கை பழக்கிக் கொடுப்பதென்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. மனசுக்கு நிறைவான முடிவு. ஆனால் சேரும் காசில் விதைப் பக்கெட்டும் மம்பட்டியும் வாங்கிக் கொடுத்து, ஒருநாள் வகுப்பு வைத்து, படம் பிடித்து அனுப்புவதோடு நின்றால் அடுத்த மழைக்குள் பாத்தியெல்லாம் புல்லாகிவிடும். முதல் மூன்று மாதமும் மண்ணுக்கே போகட்டும். விதை அதற்குப் பிறகு.

காரணம் நம் மண்தான். மண்ணின் அமிலத்தைக் காட்டும் அளவு பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் கூடும். தேயிலைக்கு பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண் பிடிக்கும். கரட், பீட்ரூட், கோவாவுக்கு (முட்டைக்கோஸ்) 6, 6.5 வேண்டும். காலங்காலமாகப் போட்ட அமோனியா உரமும் கொட்டுகிற மழையும் சேர்ந்து மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. அதில் எவ்வளவு எரு போட்டாலும் பீட்ரூட் விரல் பருமனோடு நின்றுவிடும். நட்டவள் தனக்குக் கைராசி இல்லையென்று விட்டுவிடுவாள்.

இந்த அமிலத்தைக் குறைக்கப் போடுவதுதான் டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள். விவசாயப் போதனாசிரியர் மூலம் மண்ணைப் பரிசோதித்தால் எவ்வளவு போடுவதென்று சரியாகத் தெரியும். அது கிடைக்கும்வரை சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் டொலமைட் பாதுகாப்பான அளவு. 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளமுள்ள பாத்திக்கு 600 முதல் 750 கிராம். வீட்டில் தராசு இருக்காது. கடையில் ஒருமுறை நிறுத்து, ஒரு பால் டின்னில் எந்த மட்டம் வரை வருகிறதென்று ஆணியால் கோடு கீறிக் கொடுத்தால் போதும். தூவி, அரை அடி ஆழம் வரை முள்ளுப் போட்டுக் கிளறி, மூன்று நான்கு வாரம் விட வேண்டும். அதே நாளில் பச்சைச் சாணமோ கோழி எருவோ போடக்கூடாது. தழைச்சத்து அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். உருளைக்கிழங்கு போட இருக்கும் பாத்திக்கு டொலமைட் வேண்டாம், தோலில் சொறி விழும்.

கோவா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நண்பகல் வெயிலில் செடி துவண்டு, பொழுது சாய நிமிர்ந்து நின்றால் தண்ணீர்க் குறையென்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் இஞ்சிக்கிழங்கு போல வீங்கி முண்டுமுண்டாக இருந்தால் அது வேர் வீங்கும் நோய். அமில ஈர மண்ணில்தான் இது கொழிக்கும்; வித்துகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மருந்தால் தீராது. அந்தப் பாத்தியில் கோவா, நோக்கோல், முள்ளங்கி மூன்றையும் பல வருடம் நிறுத்திவிட்டு போஞ்சி, லீக்ஸ், கரட் என்று மாற்ற வேண்டும். வீங்கிய வேரை உரக்குவியலில் போடவே கூடாது. ஒரு பாத்தியில் கொத்திய மம்பட்டியைக் கழுவாமல் அடுத்த வீட்டுப் பாத்திக்குக் கொடுத்தால் நோயும் கூடவே போகும். வெளியிலிருந்து நாற்று வாங்குவதைவிட டிவிசனுக்குள்ளேயே ஒரு நாற்று மேடை போடுவது நல்லது.

உரத்துக்குக் காசு வேண்டாம். ரோட்டோரமெல்லாம் மஞ்சள் பூவோடு நிற்கும் காட்டுச் சூரியகாந்தி அருமையான பசுந்தழை. காய்ந்த புல் ஒரு சாண், நறுக்கிய பசுந்தழை அரைச் சாண், மேலே சாணிக்கரைசல் என்று அடுக்கி, நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் குவிக்க வேண்டும். குறைந்தால் சூடேறாது. நாலாம் நாள் அலவாங்கை நடுவில் குத்திப் பத்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டால் சுட வேண்டும். சுடாவிட்டால் ஒன்று காய்ந்திருக்கிறது, அல்லது ஊறிக் கிடக்கிறது. ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருவதே சரியான ஈரம். நம் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் மூடாமல் விட்டால் சத்தெல்லாம் கானில் ஓடிவிடும். மானாப்புல்லோ பொலித்தீனோ போட்டு மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினாலும் குளிரில் மக்குவதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, மட்டத்தில் போட வேண்டும். இரண்டு கம்பை ஏணிபோல் விரித்து உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். கயிறு சட்டத்தில் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்து, இரண்டுக்கும் நடுவே வெட்டும் கோடுதான் மட்டம். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னாலுள்ள மேட்டை மட்டும் பாத்திக்காக வெட்டவிடாதீர்கள். 2014-இல் மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை மறக்க முடியாது.

காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைக்கும் பேச்சு வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். சட்டப்படி குற்றம், 2020-இல் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை சிக்கிச் செத்ததும் அப்படியொரு கண்ணியில்தான். பழைய தகரமும் நெருக்கமாக நட்ட கிளிசிரீடியாக் கம்பும் சேர்ந்த வேலி போதும்.

வகுப்பை வேலை நாளில் வைத்தால் அவர்களுக்கு ஒருநாள் பேர் (அன்றைய வேலைப் பதிவு) போகும். ஞாயிறு வையுங்கள், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தைச் சங்கம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு முதலில் இரண்டே பாத்தி. கொழுந்து நிறுத்து வீடு வந்து, தண்ணீர் எடுத்து, சமைத்த பிறகு மிஞ்சும் நேரத்துக்கு அவ்வளவுதான் தாங்கும். ஒன்றில் கீரையும் முள்ளங்கியும், ஆறேழு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். மற்றதில் போஞ்சி. அதன் விதையை நல்ல செடியில் முற்றவிட்டு எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போக வேண்டாம்.

எதற்கும் முன்னால் ஒன்று. நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. பாத்தி பண்பட்டு விளையும் நேரத்தில் எடுத்துக்கொண்டால் அந்தப் பெண்களால் எதுவும் பேச முடியாது. எந்த இடம், எத்தனை வருடம் என்று ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் நிர்வாகத்தின் கையெழுத்தோடு கடிதம் வாங்கிய பிறகே காசை அனுப்புவோம். விற்ற காசும் அவரவர் பெயரிலுள்ள கணக்கிலேயே விழட்டும். கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரக்கூடியவர்கள் இந்த வாரத்துக்குள் பதில் போடுங்கள்.