5 1/3 − 2 3/4: கடன் வாங்கும் இடத்தில் ஏன் தப்பு வருகிறது?

மாலைவகுப்பு:
ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். கலப்பு பின்னத்தைக் கூட்டிவிடுகிறார்கள், கழித்தலில்தான் சிக்கல். 5 1/3 − 2 3/4 கணக்குக்கு மூன்று விடை வந்தது: 3 5/12, 2 5/12, 2 7/12. கடைசிதான் சரி. மற்ற இரண்டும் எங்கிருந்து வருகின்றன? பெருக்கலில் 2 1/2 × 3 1/2 = 6 1/4 என்கிறார்கள். பேசாமல் எல்லாவற்றையும் தகா பின்னமாக்கச் (2 1/2-ஐ 5/2 என்பதுபோல) சொல்லிவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டும் வேறு வேறு தப்பு. பகுதியை (கீழ் எண்ணை) 12 ஆக்கினால் 5 4/12 − 2 9/12. நாலில் ஒன்பது போகாது என்றதும் திருப்பிப் போட்டு 9 − 4 செய்தவருக்கு 3 5/12. இன்னொருவர் கடன் வாங்கியிருக்கிறார், ஆனால் பழக்கதோஷத்தில் பத்தாக வாங்கிவிட்டார்: 14 − 9 = 5. இங்கே முழு எண்ணிலிருந்து இறங்கும் ஒன்று என்பது 12/12. அதனால் 5 4/12 = 4 16/12, பிறகு 16 − 9 = 7. கடன் வாங்கும்போதெல்லாம் '+ 12/12' என்று பக்கத்தில் எழுத வையுங்கள்.

சரிபார்க்க, கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணுகிற மாதிரி ஏறிப் போகலாம். 2 3/4-லிருந்து 3-க்கு 1/4. அங்கிருந்து 5 1/3-க்கு 2 1/3. கூட்டினால் 2 7/12.

தகா பின்னம் கூட்டல், கழித்தலுக்குத் தேவையில்லாத சுமை. 48 2/3 + 35 1/2-ஐ 146/3 + 71/2 ஆக்கிப் பாருங்கள், தெரியும். 83-ம் 7/6-ம் சேர்ந்தால் 84 1/6, வேலை முடிந்தது. பெருக்கல், வகுத்தலுக்கு மட்டும் மாற்றுங்கள்.

கட்டம்போட்டநோட்டு:
பெருக்கலுக்கு 'இரண்டரை' என்ற சொல்லையே பிரித்துக் காட்டுங்கள்: இரண்டும் அரையும். 2 1/2 என்று எழுதும்போது மறைந்துபோகிற கூட்டல் குறி, இரண்டேகால், மூன்றேமுக்கால் என்று சொல்லும்போது காதில் விழும். பிறகு கட்ட நோட்டில் இரண்டரைக்கு மூன்றரை செவ்வகம் வரையச் சொல்லுங்கள். முழுக் கட்டம் 6. ஒரு ஓரத்தில் அரைக் கட்டம் மூன்று, மறு ஓரத்தில் இரண்டு, மூலையில் கால் கட்டம். 6 + 1 1/2 + 1 + 1/4 = 8 3/4. உங்கள் பிள்ளைகள் இரண்டு ஓரத்தையும் விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு 5/2 × 7/2 = 35/4 என்பது வெறும் சூத்திரமாகத் தெரியாது.

வகுத்தலில் விடை சரியாக இருந்தும் அர்த்தம் தப்பும். 8 மீட்டர் துணி, சட்டைக்கு 1 1/4 மீட்டர்: 8 ÷ 5/4 = 8 × 4/5 = 6 2/5. மிச்சத் துணி எவ்வளவு என்றால் 2/5 மீட்டர் என்பார்கள். அது 2/5 சட்டை! 1 1/4-இல் 2/5 பங்கு, அதாவது அரை மீட்டர்.

மாலைவகுப்பு:
புரிந்தது. குறை எண் வந்தால்?

கணக்குப்பிள்ளை:
குறைக்குறி முழுவதுக்கும் சேரும். −2 1/2 என்றால் −2 − 1/2, அதாவது −5/2. பாதிப் பேர் −2 + 1/2 என்று எடுத்து −3/2 எழுதுவார்கள். மாற்றும்போது குறியை வெளியே வைத்துவிட்டு 2 1/2-ஐ மட்டும் 5/2 ஆக்கச் சொல்லுங்கள், குறியைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.